பிறர் செய்கையும் நம் நியாயமும்



நல்ல சமாரித்தன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஜெருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகிற பாதை அது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே இருக்கிற நகரத்திலிருந்து, கடல் மட்டத்துக்கும் 250 மீட்டர் தாழ்ந்து கிடக்கிற ஊருக்கு இறங்கும் வனாந்தர வழி. அதில் ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டு, அடிபட்டு, குற்றுயிராய்க் கிடக்கிறான். ஒரு குரு வருகிறார். பார்த்துவிட்டு விலகிப் போகிறார். பிறகு ஒரு லேவித்தன் வருகிறான். அவனும் அப்படியே போய்விடுகிறான். பிரசங்கத்தில் இந்த இடத்துக்கு வந்ததும் குருக்களாகிய நாங்கள், "பார்த்தீர்களா, என்ன கல்நெஞ்சர்கள்!" என்று சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தை வீட்டில் திறந்து நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அவர்கள் ஏன் விலகிப் போனார்கள் என்று சேசுநாதர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கள்வர் இன்னும் பக்கத்தில் ஒளிந்திருப்பார்கள் என்கிற பயமோ, போகிற இடத்தில் யாராவது காத்திருந்தார்களோ, பிணத்தைத் தொட்டால் தீட்டாகும் என்கிற மோயீசன் சட்டத்தை நினைத்தார்களோ, நமக்குச் சொல்லப்படவில்லை. கர்த்தர் செய்கையை மட்டும் சொன்னார். அந்தச் செய்கைக்குள்ளே ஒரு நெஞ்சை வைத்து, அது கல் என்று தீர்த்தது நாம்.

இந்த உவமையை வைத்தே ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்னும் ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் குருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் அதன் மாணவர் நாற்பது பேரை வைத்து இதைச் செய்து, 1973-இல் பிரசுரித்தார்கள். மாணவர் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறு பிரசங்கம் ஒன்று செய்யவேண்டும். பாதிப்பேருக்குக் கொடுத்த பொருள் இதே நல்ல சமாரித்தன் உவமை. மற்றப் பாதிப்பேருக்கு, படிப்பு முடிந்தபின் கிடைக்கக்கூடிய உத்தியோகங்கள். புறப்படும்போது சிலரிடம், "நேரமாகிவிட்டது, அங்கே காத்திருக்கிறார்கள், ஓடுங்கள்" என்று சொல்லப்பட்டது. சிலரிடம், "எல்லாம் தயார், இப்போதே போகலாம்" என்றார்கள். வேறு சிலரிடம், "இன்னும் சில நிமிஷம் இருக்கிறது, ஆனாலும் போய்விடுங்கள்" என்றார்கள். போகிற சந்தில் ஒரு மனிதன் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தான். அருகே வந்ததும் இருமினான், முனகினான். அவனை அங்கே உட்காரவைத்தது ஆராய்ச்சியாளர்கள்தான். மாணவர்களுக்கு அது தெரியாது.

நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நடுத்தர அவசரத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 45. ஓடும்படி சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 10. கையில் சமாரித்தன் உவமையைக் கொண்டுபோனவர்களா, உத்தியோகத்தைக் கொண்டுபோனவர்களா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் உண்டாக்கவில்லை. சமாரித்தனைப் பற்றிப் பிரசங்கிக்கப் போனவர்களில் சிலர் கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்தே போனார்கள்!

இதை வாசித்தவுடன் நமக்கு என்ன தோன்றுகிறது? "வேஷக்காரர்கள், இவர்களா நாளைக்குப் போதகர்கள்?" என்றுதானே? அங்கேதான் நிற்கச் சொல்லுகிறேன். அவர்களில் பலர் பிரசங்கம் செய்யவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மனம் கலங்கிப் பதற்றமாயிருந்தார்கள் என்றும் அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நெஞ்சில் ஈரமில்லாதவன் ஏன் கலங்கவேண்டும்? முன்னே காத்திருக்கிறவனுக்கும் கீழே கிடக்கிறவனுக்கும் நடுவில் அகப்பட்டு இழுபட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பக்தியைப் பற்றி முன்கூட்டியே கேள்வி கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். யார் நிற்பான், யார் போவான் என்று அதைக்கொண்டு முன்னறிந்து சொல்லமுடியவில்லை. பதவிசாய்ப் பக்திமான்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிற நமக்கு இது கொஞ்சம் கசப்பான மருந்துதான்.

பிறர் செய்கையைப் பார்த்தால் அவன் சுபாவமே அப்படி என்பதும், அவனை நெருக்கின சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் மனித புத்தியில் ஊறின ஒரு தவறு. லீ ராஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1977-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்; அடிப்படைத் தவறு என்றார். அதற்கும் முன்னே, 1967-இல் பிரசுரமான ஒரு பரீட்சை உண்டு. கியூபா நாட்டுப் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதின கட்டுரையை மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, "இப்படித்தான் எழுதவேண்டுமென்று எழுதினவனுக்கு உத்தரவு, அவனுக்கு வேறு வழியில்லை" என்றும் சொன்னார்கள். அப்படியும் எழுதினவன் காஸ்ட்ரோவின் பக்கத்தான் என்றே அவர்கள் சாய்ந்தார்கள். ரேஷன் கடையில் "சரக்கு வரவில்லை" என்கிற பையனை நாம் திட்டுவதும் இதுதான். சரக்கை நிறுத்தினவன் எங்கேயோ இருக்கிறான். கண்ணுக்கு எதிரே நிற்பது இந்தப் பையன்.

இதைப் புத்தகத்தில் வாசிப்பதற்கு முன்னமே நான் கற்றிருக்க வேண்டியவன். சில வருஷங்களுக்குமுன் வேறொரு பங்கில் இருந்தேன். ஞாயிறு ஆறு மணிப் பூசைக்கு ஒரு மனிதர் தவறாமல் வருவார், ஆனால் கோவிலுக்குள் வரமாட்டார். தோளில் துண்டோடு வாசற்படிக்கு வெளியே, தூண் ஓரமாய் நிற்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் ஆள் இருக்கமாட்டார். மாதக்கணக்காய்ப் பீடத்திலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், மழைக்கு ஒதுங்கினவனைப்போல் வாசலில் நின்று பூசை காண்கிறவர்கள் சர்வேசுரனுக்கு அரை மனதைத்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் தூண் ஓரம் காலியாயிருந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய தாயாருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் மனைவியிடம் கேட்டேன். அவர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர். சனிக்கிழமை நடுராத்திரி போனால் விடியற்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். வீட்டுக்குப் போய்க் குளித்து வர நேரமில்லை. ஆரம்பத்தில் உள்ளே வந்து பெஞ்சில்தான் உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நகர்ந்தார்களாம். ஒருவர் எழுந்து வேறு பெஞ்சுக்கே போய்விட்டாராம். "உள்ள வந்தா எல்லாருக்கும் சங்கடம் சாமி, அதான் வெளியவே நிக்கிறாரு" என்றாள் அந்த அம்மாள். குறையாய்க்கூடச் சொல்லவில்லை.

அவரை வெளியே தள்ளினது எங்கள் கைக்குட்டைகள். தள்ளினபின், வெளியே நிற்கிறாரே என்று நான் பிரசங்கம் வேறு செய்தேன்! அதே மாதத்தில் ஒரு கிளைக் கோவிலுக்கு நான் இருபது நிமிஷம் தாமதமாய்ப் போனேன். பஸ் பிந்திவிட்டது. ஜனங்கள் காத்திருந்தார்கள். பக்தியில்லாத குரு என்று என்னைப்பற்றி எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. பஸ் பிந்தினது எனக்குத் தெரியுமே.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சாமி, காப்பி குடிக்கிறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் சபைமுன் எடுத்த பெயரைச் சபைமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருடின பணத்தைத் திருப்பிக் கொடுப்பது போலவே அது கடமை. அடுத்த ஞாயிறு, போன மாதம் சொன்னது என் தவறு என்று சொன்னேன். சுலபமாயிருக்கவில்லை.

சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள்: ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு மூன்று வேண்டும் — கனமான காரியம், பூரண அறிவு, பூரண சம்மதம். அயலானிடத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது முதலாவது ஒன்றுதான். மற்ற இரண்டும் சர்வேசுரன் ஒருவருக்கே தெரியும். நம்மைப்பற்றியோ? "தெரியாமல் செய்தேன், வேண்டுமென்று செய்யவில்லை" என்று அந்த இரண்டைக்கொண்டே தப்பித்துக்கொள்ளுகிறோம். தாவீது இராஜாவை நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின செல்வந்தன் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, சாவுத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. ஊரியாசின் மனைவியை எடுத்துக்கொண்டு, ஊரியாசைக் கொல்வித்த கை அது! அந்தச் செல்வந்தன் தாவீதுதான் என்று நாத்தான் காட்டும்வரை அவருக்கு அது உறைக்கவே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சூழ்நிலையே காரணம், பாவமென்பதே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அந்தச் சோதனையும் அப்படிச் சொல்லவில்லை. ஓடும்படி சொல்லப்பட்டவர்களிலும் ஒருவன் நின்றானே! மனுஷனுக்குச் சுயாதீனம் உண்டு, தேவ வரப்பிரசாதமும் உண்டு. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனைத் தடுக்கத்தான் வேண்டும். பங்குப் பணத்தைக் கையாடினவனிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். செய்கையைத் தவறென்று சொல்வது வேறு, அவன் ஆத்துமத்துக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு. 1548-இல் பாப்பானவர் அங்கீகரித்த தமது ஞான முயற்சிப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வைக்கிறார். பிறன் சொன்னதை நல்ல அர்த்தத்தில் எடுக்கப் பார். முடியாவிட்டால் அவனையே கேள். அவன் நினைப்பு தவறாயிருந்தால் அன்போடு திருத்து என்பது அதன் கருத்து. நடுவில் இருக்கிற அந்தக் கேள்வியைத்தான் நாம் எல்லாரும் தாண்டிவிடுகிறோம். நான் தூண் ஓரம் போய் ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

ராத்திரி ஆத்தும சோதனை செய்கிறவர்கள் இந்த வாரம் முழுவதும் இதை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று யாரைப்பற்றி, அவரைக் கேளாமலே, ஒரு முடிவுக்கு வந்தேன்? பெயரைச் சொல்லிப் பாருங்கள். நாளைக்குப் போய்க் கேட்கக்கூடியதானால் கேளுங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புருஷன் செய்தது, மாமியார் சொன்னது, மருமகள் எடுத்தெறிந்தது என்று கால்மணி நேரம் ஓடுகிறது. சொந்தப் பாவத்துக்கு வரும்போது பின்னால் நிற்கிறவர்கள் இருமத் தொடங்கிவிடுகிறார்கள். மருமகளின் பாவத்தை மருமகளே வந்து சொல்லிக்கொள்வாள். சனிக்கிழமை மாலை 5 மணிமுதல் 7 மணிவரையும், ஞாயிறு முதல் பூசைக்குமுன் அரைமணி நேரமும் தொட்டியில் இருப்பேன்.