அமானிதம் பேணுவோம்

 

மக்கத்துக் குறைஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எதிர்த்தார்கள். எனினும் தங்கள் பொருள்களை அவர்களிடமே நம்பி ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்டபோது, உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்தும், அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே நாயகமவர்கள் சென்றார்கள்.

பொன்னும் பணமும் மட்டுமா அமானிதம்? வாடிக்கைக்காரர் நம்பித் தரும் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர், பாங்கு அட்டை எண் யாவும் அமானிதமே.

2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெருங்கடையில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரமும், 7 கோடி பேர் வரை பெயர், விலாசம் முதலியனவும் களவு போயின. குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடி, அதைக்கொண்டு கள்வர் உள்ளே நுழைந்தனர். 2020இல் நமது சிங்கப்பூரில் ரெட்மார்ட் வாடிக்கைக்காரர் 11 லட்சம் பேரின் கணக்கு விவரங்கள் வெளியாயின. அவை 18 மாதங்களுக்கு மேற்பட்ட பழைய ஏடு. தேவை தீர்ந்ததை அழிக்காமல் வைத்திருப்பதும் ஆபத்தே.

பெரிய கடைகளைக் குறை சொல்லுமுன் என் குறையைச் சொல்கிறேன். என் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் கல்லாவின் மேல் திறந்தே கிடக்கும். ஒருநாள் ஒரு சகோதரியின் பாக்கியை வேறொருவர் படித்து, நாலு பேர் முன் சொல்லிவிட்டார். அந்தச் சகோதரி கடனை முழுவதும் கட்டினார்; பிறகு என் கடைக்கு வரவேயில்லை. அவர் பணத்தை நான் மோசம் செய்யவில்லை. மானத்தைக் காக்கத் தவறினேன். அன்றிலிருந்து புத்தகம் பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

சரி, நம்முடைய விவரமே களவு போனால் என்ன செய்வது?

முதலாவது, அந்தக் கடைக் கணக்கின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள். இரண்டாவது, அட்டை எண் போயிருந்தால் பாங்குக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள். மாதக் கணக்கை வரிவரியாகப் பாருங்கள். மூன்றாவது, உங்கள் பெயரும் விலாசமும் சரியாகச் சொல்லி ஒருவன் போன் செய்தால் அதனாலேயே நம்பிவிடாதீர்கள். திருடியவனுக்கும் அவை தெரியும். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறை ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. போனில் வரும் ஒருமுறை எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகமானால் 1799க்குக் கேளுங்கள். பணம் போய்விட்டால் பாங்குக்கும் போலீசுக்கும் தாமதியாமல் தெரிவியுங்கள். ஏமாந்ததற்கு வெட்கி மறைக்க வேண்டாம். மறைத்தால் திருடனுக்கே லாபம்.

வியாபாரச் சகோதரர்களே! 2021 முதல் இந்நாட்டுச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தது என்று கண்டால் 3 நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். 5 பேரின் விவரம் கசிந்தால் சட்டம் ஒருவேளை கேளாது; அல்லாஹ் கேட்பான். ஆகவே தேவைக்கு மேல் கேட்டு வாங்காதீர்கள். தேவை தீர்ந்ததை வைத்திராதீர்கள். தவறு நேர்ந்தால் ஒளிக்காமல் உரியவரிடம் சொல்லுங்கள்.

நம்பியவரை மோசம் செய்யாத நல்லடியார்களாக வல்ல நாயன் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.