நீரின் சூலைநோய்

சூலைநோயால் வருந்தித் திருவதிகையை அடைந்த நாவுக்கரசர் தம் துயரை வாய்விட்டு முறையிட்டார். தமக்கையார் திலகவதியார் திருநீறளித்து அவரை வீரட்டானத்து இறைவன் திருமுன் செலுத்தினார், நோய் நீங்கிற்று. வாயில்லா ஏரிக்கு நோய் வரின் அது யாரிடம் முறையிடும்?

திருவதிகை அடங்கிய கடலூர் மாவட்டத்தே உள்ள வீராணம் ஏரி, முதற் பராந்தக சோழன் காலத்தது. கொள்ளிடத்து நீர் கீழணையினின்று வடவாற்றின் வழியே இதனை அடைகின்றது. வயல்களை வளர்த்துவரும் இவ்வேரி 2004 முதல் சென்னை மாநகர்க்குக் குடிநீரும் உதவுகின்றது. இத்தகைய நன்னீர் நிலைகளிற் கழிவும் வயலுரமும் மிகுதியாகக் கலப்பின் பாசி தழைக்கும், அது மடிந்து அழுகுங்கால் நீரிற் கரைந்துள்ள பிராணவாயு குறையும், மீன்கள் மாளும். மேலே பசுமையும் கீழே மரணமுமாக நிற்பதே நீரின் சூலைநோய். அது முற்றுமுன் அறிதற்கு, நீரின் தெளிவையும் பிராணவாயுவின் அளவையும் காலந்தோறும் அளந்து குறித்தல் வேண்டும்.

"நீர் சடமன்றோ? சடத்தினிடத்து அறம் யாது?" எனின், கூறுதும். சடமேயாயினும் நீர் அட்டமூர்த்தியாகிய இறைவன் திருமேனிகளுள் ஒன்று. அதனை உண்டு வாழும் உயிர்களோ சடமல்ல. நாவுக்கரசர் உழவாரங்கொண்டு திருக்கோயிற் புறத்தைத் தூய்மை செய்தமை சரியைத் தொண்டாம். நீர்நிலையைக் காத்தலும் அதன்பாற் படுமென்பதே எம் துணிபு. தீர்த்தத்தைக் கெடுத்துவிட்டுத் தீர்த்தமாடுதலாற் பயன் என்னை? ஏரிக்குத் தமக்கையாய் நின்று அதன் நோயறிவார் நாமன்றி யாவர்?