நான்காம் தசமதானம்

உயர்தர உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு இலங்கையில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சாதாரண தரத்தில் ஆறு பாடங்கள் சித்தியடைய வேண்டும். விஞ்ஞானத்தில் திறமைச் சித்தியேனும் வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு எண்பது வீத வரவு வேண்டும். உயிரியலோடு இரசாயனவியலையும், பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ சேர்த்துப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் மூன்று பாடமும் சித்தியடைந்து, பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது பெற வேண்டும். முயற்சி மூன்று தடவை மட்டும். முதல் வினாத்தாள் ஐம்பது பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், மூன்று மணித்தியாலம்.

2019 முதல் பரீட்சிக்கப்படும் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். உயிரின் இரசாயன அடிப்படை, கூர்ப்பு, தாவர விலங்குத் தொழிற்பாடு, பிறப்புரிமையியல், சூழல், நுண்ணங்கிகள் என்று பிரயோக உயிரியல்வரை போகிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலுக்குப் பின்னால் அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பிக்கப்படும் காம்பெல்லின் பெருநூல் நிற்கிறது என்பது இங்கே பதினேழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கனமான பாடத்திட்டம்தான். ஆனால் தரக்குறைவானது என்று யாரும் சொல்ல முடியாது. அவதானிக்க வேண்டும், வினவ வேண்டும், செய்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை எழுதியவர்கள் அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள்.

எழுதப்படாத நிபந்தனைகளைப் பார்க்க ஊருக்குள் வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் நீர்வேலி, சிறுப்பிட்டி கழிந்தால் புத்தூர். செம்மண் தோட்டங்கள், ஆழக் கிணறுகள், ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரி, மெதடிஸ்த மிஷன் தொடங்கிய புனித லூக்கா வைத்தியசாலை. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பிள்ளை பயோவோ, மற்ஸோ?” பயோ என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தேவையில்லை. பயோ என்றால் மெடிசின். அந்தப் பிள்ளை ஒரு நாளாவது எறும்புப் புற்றின் முன் குந்தியிருந்து பார்த்ததுண்டா, அறுத்த மீனின் செவுளை விரித்துப் பார்த்ததுண்டா என்று விசாரிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இல்லை. சங்கீதம் படிக்கப் போகிற பிள்ளைக்குக் குரல் இருக்கிறதா என்றாவது கேட்பார்கள்.

எண்பது வீத வரவு என்ற விதி கொரோனாக் காலத்திலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் தளர்ந்தது. அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னரே அது பதிவேட்டுக்குள் ஒதுங்கியிருந்த விதிதான். உயர்தர வகுப்பின் கடைசி மாதங்களில் பள்ளிக்கூடக் கதிரைகள் காலியாக இருக்கும். ரியூட்டரியில் வாங்குக்கு வாங்கு இடமிராது. பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும் உயிரியலைக் காசு கொடுத்து வாங்கினால்தான் அது உயிரியல் என்ற நம்பிக்கை, கன்னங்கராவின் இலவசக் கல்வியின் கீழ் இத்தனை தலைமுறை படித்த பின்னும் அசையாமல் இருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். தாவரக் கலத்தைப் பார்க்க வெங்காயத்தின் மேற்றோலை உரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பது உயிரியல் படிப்பின் பாலபாடம். உருளைக்கிழங்கைக் கீலமாக வெட்டி வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் இட்டு, நீளம் கூடுகிறதா குறைகிறதா என்று அளந்து இழையத்தின் நீரழுத்தத்தைத் துணிவது அதற்கு மேலே ஒரு படி. எந்தக் கரைசலில் நீளம் மாறவில்லையோ அங்கே உள்ளும் புறமும் சமன். உலகத்தில் எத்தனையோ பாடசாலைகள் இந்தப் பரிசோதனைகளுக்கு வெங்காயத்தையும் கிழங்கையும் கடையில் வாங்குகின்றன. புத்தூர் இருக்கும் வலிகாமத்துப் பாடசாலைகளுக்கு அவை மதிலுக்கு வெளியே விளைகின்றன. இங்கே தோட்டம் செய்கிறவருக்கு, தண்ணீர் கட்டத் தவறினால் பயிர் எந்த நேரத்தில் சோரும், பசளை அளவுக்கு மிஞ்சினால் வேர் எப்படிக் கருகும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். உப்புச் செறிவு கூடிய மண்ணிலிருந்து வேரால் நீர் எடுக்க முடியாமற் போவதை அவர் பரிசோதனை என்று சொல்வதில்லை. நட்டம் என்று சொல்வார். அவருடைய மகள் அதே விடயத்தை ரியூட்டில் மனனம் செய்கிறாள். கீலத்தின் நீளம் எந்தச் செறிவில் மாறாமல் இருந்தது என்பது கடந்தகால வினாத்தாளிலேயே இருக்கிறபோது, கிழங்கு வெட்டிக் கையை அழுக்காக்குவானேன்?

அவளைக் குறை சொல்ல முடியாது. இன்றைய உயர்தரத்தில் உயிரியலுக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை. செய்முறையைப் பற்றிய வினாக்கள் உண்டு, விடை காகிதத்தில்தான். முதலுருச்சுருக்கத்தைக் கண்ணால் கண்டவரும் காணாதவரும் ஒரே வசனத்தை எழுதி ஒரே புள்ளியைப் பெறுகிறார்கள். புள்ளித்திட்டத்தில் உள்ள சொல் விடையில் இருந்தால் போதும். பழைய நான்கு பாட முறையில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக இருந்தன. 2000ஆம் ஆண்டோடு இரண்டும் ஒன்றாகி மூன்று பாடமாயிற்று. பாரம் குறையும் என்று நம்பினோம். இரண்டு புத்தகம் ஒரு புத்தகமானது. ஆனால் அந்த ஒன்று தடித்துக்கொண்டே போகிறது.

இவ்வளவுக்கும் பின்னால் நிற்பது ஓர் எண். ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் வகுத்து, மூன்று பாடத்தையும் சேர்த்துச் சராசரியாக்கினால் இசற் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியை இதுதான் தீர்மானிக்கிறது. நான்கு தசமதானம்வரை கணிக்கிறார்கள். ஓர் இலையின் பரப்பை அளக்கிற மாணவி நான்கு தசமதானத்தில் விடை எழுதினால், உன் அளவுகோலுக்கு அவ்வளவு நுட்பம் இருக்கிறதா என்று ஆசிரியர் கேட்பார், கேட்கவும் வேண்டும். மூன்று பாடங்களில் ஒரு பிள்ளையின் தகுதியை அதே நுட்பத்தோடு அளந்து, நான்காம் தசமதானத்தில் ஒருவரை மருத்துவ பீடத்துக்கும் மற்றவரை வீட்டுக்கும் அனுப்பும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களைக் கலந்து கணித்த இசற் புள்ளிகள் உயர்நீதிமன்றம்வரை சென்று, 2012இல் மீண்டும் கணிக்கப்பட்டன. எண் பிழைக்கலாம் என்று நாடு ஒருமுறை ஒப்புக்கொண்டது. பிறகு மறந்துவிட்டது.

எண்ணுக்கு மேலே மாவட்டம் இருக்கிறது. இடங்களில் நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தரப்படுத்தல் என்ற பேரைக் கேட்டால் இன்றும் எங்கள் பெரியவர்களின் முகம் மாறும். அதற்குக் காரணம் உண்டு. 1971இல் மருத்துவத்துக்கு நானூறில் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தபோது, தமிழ் மொழி மூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. மொழியைக் கொண்டு பிள்ளையை அளந்த அந்த விதியை நியாயப்படுத்த எந்தப் புள்ளிவிபரமும் போதாது. அதன் விலையை இந்த நாடு புள்ளிகளில் கொடுத்து முடிக்கவில்லை.

ஆனால் பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கத்தைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்வோம். வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் மருத்துவ பீடத்துக்குள் போனதில் அதற்குப் பங்கு உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் இன்று பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டம் என்ற அலகு எங்கே நியாயம் தவறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் கொழும்பைப் பார்க்க வேண்டியதில்லை. நகரத்துப் பேர்போன கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும், புத்தூரில் படிக்கும் பிள்ளைக்கும், படகு ஏறி இறங்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. தாளில் மூவரும் ஒரே மாவட்டத்தார். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தீர்களோ அதுவே உங்கள் மாவட்டம் என்ற விதியும் உண்டு. அதை முதலில் கரைத்துக் குடிப்பவர்கள் பிள்ளைகள் அல்ல, பெற்றோர்.

உயிரியல் வகுப்புக்குள் வரவே முடியாதவர்களைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை. உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலைகள் நாட்டின் பத்தாயிரத்துச் சொச்சம் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. சாதியின் பேரால் பள்ளிக்கூட வாங்கு மறுக்கப்பட்ட வரலாறு குடாநாட்டுக்கு உண்டு. அது சட்டத்தில் முடிந்துவிட்டது. இன்று அதே குடியிருப்புகளின் பிள்ளைகளை யாரும் தடுப்பதில்லை; மூன்று பாடத்துக்கு ரியூசன் காசு கட்டக் கூலி வேலை செய்யும் தகப்பனால் முடியாததால் அவர்கள் தாமாகவே கலைப்பிரிவைத் தெரிவுசெய்கிறார்கள். தெரிவு என்றுதான் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது.

உள்ளே வந்தவர்களின் கணக்கும் எளிது. வருடந்தோறும் சில பத்தாயிரம் பேர் உயிரியல் பிரிவில் தோற்ற, மருத்துவத்துக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டாயிரம் இடங்கள். மீதிப் பேரின் வீடுகளில் பேச்சு மாறிவிடும். பேராதனையில் மிருக வைத்தியம், கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம், யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானம் என்று வழிகள் உண்டு. செம்மண்ணில் வெங்காயம் விளைவித்துப் பிள்ளையைப் படிப்பித்த தகப்பன், அவள் விவசாய பீடத்துக்குத் தெரிவானதை உறவினருக்குச் சொல்லும்போது முன்னால் ஒரு “ஆனால்” போடுகிறார். செகண்ட் ஷை, தேர்ட் ஷை என்று இரண்டு வருடம் அறைக்குள் அடைந்து, அதே கிழங்குக் கீலத்தை மறுபடி மனனம் செய்து, பிறகு அந்த “ஆனால்”.

இந்த மண்ணில் உயிரியல் இப்படித் தொடங்கவில்லை. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு அங்காதிபாதம் என்ற உடற்கூற்று நூலையும் இரணவைத்தியம் என்ற சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் பெயர்த்தார். அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியராக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்று கண்டுதான் 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். படித்தவன் தன் கிராமத்திலேயே இருப்பான் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அவர் எதிர்பார்ப்பு எவ்வளவு பலித்தது என்பதை, 2022க்குப் பிறகு விமான நிலையத்தில் நின்ற வைத்தியர்களின் வரிசையைக் கண்டவர்களிடம் கேட்கலாம். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். போவதற்கான சீட்டாகவே பாடத்தைப் படிப்பித்துவிட்டு, ஏன் போனாய் என்று கேட்பது முறையல்ல.

புத்தூரிலிருந்து சுன்னாகம் போகும் வீதியில் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குகை என்பது புவியியல். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதும் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர் வில்லைகள்தான் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. சுற்றியுள்ள தோட்டங்களில் இடும் யூரியா நைத்திரேற்றாகிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவுவதை நைத்திரேற்று கெடுக்கும். நைதரசன் வட்டம், குருதிச் சுற்றோட்டம், சூழல் மாசு என்று பாடத்திட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் கிடப்பவை இந்தத் தண்ணீரில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. புத்தூர்ப் பிள்ளை நைதரசன் வட்டத்தை அம்புக்குறி தவறாமல் வரைவாள். தன் வீட்டுக் கிணற்றில் எவ்வளவு நைத்திரேற்று என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, கேட்டவரும் இல்லை.

பரீட்சைத் திணைக்களத்திடமும் கல்வி நிறுவகத்திடமும் கேட்க ஒன்றுதான் உண்டு. உயர்தர உயிரியலில் நூற்றுக்குப் பத்துப் புள்ளியையாவது, பிள்ளை தன் ஊரில் தானே அளந்து எழுதிய ஒரு வேலைக்குக் கொடுங்கள்: ஒரு கிணறு, ஒரு வெங்காயப் பாத்தி, ஒரு குளத்துப் பாசி, எதுவானாலும். ஏமாற்றுவார்கள், காசு கொடுத்து எழுதுவிப்பார்கள் என்று மறுப்பு வரும். உண்மைதான், சிலர் செய்வார்கள். நேர்முக வினா பத்து நிமிடத்தில் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். புள்ளி இல்லாமல் அறிவுரையாக மட்டும் சொல்லிப் பயனில்லை. புள்ளி இல்லாத எதையும் யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளையும் செய்யாது. செய்ய விடவும் மாட்டோம்.