புரட்டிய கல்

அறிதல் நன்று என்பதை மறுப்பார் இலர். ஆனால், அறியும் முயற்சி எக்காலத்தும் குற்றமற்றதுதானா என வினவின், விடை அத்துணை எளிதன்று. அறிவுக்கும் அறத்துக்குமிடையேயுள்ள தொடர்பு பெரும்பாலும் அணுக்குண்டு போன்ற பேரழிவுகளை முன்வைத்தே ஆராயப்படுகின்றது. அத்தகைய எடுத்துக்காட்டுகளிற் குற்றத்தை இனங்காண்பது ஓரளவு எளிது. தீய எண்ணம் சிறிதுமின்றி, அன்பும் வியப்புமே தூண்டுகோலாக நிகழும் ஒரு செயலை நோக்குமிடத்தே பிரச்சினையின் உண்மையான ஆழம் புலப்படும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பாறைக்குட்டைகளின் வரலாறு அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

டெவன் மாவட்டத்தின் வடகரையில் இல்ஃப்ரகூம் என்றொரு சிற்றூர் உண்டு. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை அடுத்த நாள்களில் அங்கே கடற்பெருக்குக்கும் வற்றுக்குமிடையேயுள்ள உயர வேறுபாடு 8 மீற்றருக்கும் அதிகமாகும். கடல் வற்றியதும், சற்றுமுன் நீருள் மறைந்திருந்த பாறைகள் வழுக்கும் சாதாழையைப் போர்த்தவண்ணம் வெளிப்படும். பாறைக்குழிகளில் எஞ்சிய நீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். விடுமுறையைக் கழிக்க அங்கு வந்த நண்பர் குழாமொன்று, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு அப்பாறைகளின்மீது தடுமாறி இறங்குவதாகக் கொள்ளலாம்.

ஒருவர் கல்லொன்றைப் புரட்டுகின்றார். அதன் அடியிலே நண்டொன்று பக்கவாட்டில் ஓடுகின்றது. செம்மஞ்சள்நிறக் கடற்பஞ்சு தோல்போல் ஒட்டிக்கிடக்கின்றது. மீன்முட்டைகள் மணிமணியாகப் பதிந்திருக்கின்றன. இன்னொருவர் லிம்பெற் எனப்படும் கூம்போட்டு நத்தையைக் கத்திமுனையால் நெம்புகின்றார். தான் வாழும் பாறையின் மேடுபள்ளத்துக்கேற்பத் தன் ஓட்டின் விளிம்பை வளர்த்து, இரைதேடி ஊர்ந்தபின் மீண்டும் அதே தழும்பில் வந்து பொருந்தும் பிராணி அது. வேறிடத்தில் வைத்தால் ஓடு பொருந்தாது. ஈரமிழந்து அது மடியவும் கூடும். மூன்றாமவர், நீரில் இதழ்விரித்தாற்போற் கைகளை விரித்திருந்த செந்நிறக் கடற்சாமந்தி ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் போத்தலில் இடுகின்றார். "வேண்டாம், விட்டுவிடு" என்று நண்பர் தடுக்க, "ஒன்றுதானே!" என்பது அவரது மறுமொழி.

நியாயமான மறுமொழியாகவே அது தோன்றுகின்றது. கரையெங்கும் கடற்சாமந்திகள் உள்ளன. ஒன்று குறைவதால் கடல் வறியதாகிவிடாது. எனினும், இதே கரையில் இதே சொல் முன்னரும் பலரால் எண்ணப்பட்டிருத்தல் வேண்டும்.

பிலிப் ஹென்றி கொஸ் (1810 – 1888) என்னும் இயற்கையியலாளர் 1852இல் உடல்நலம் நாடி டெவன் கரைக்கு வந்தார். அங்குக் கண்டவற்றை 1853இல் ஒரு நூலாக எழுதினார். மறுவருடம் வெளிவந்த அவரது இன்னொரு நூல், கடலுயிர்களை வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பித்தது. கண்ணாடிமீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தது. புகையிரதப் பாதைகள் நகரத்தாரைக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தன. வரவேற்பறையிற் கடல்நீர்த் தொட்டி வைப்பது விரைவிலேயே நாகரிகமாயிற்று. சுத்தியலும் உளியும் போத்தலும் ஏந்திய கூட்டம் பாறைகளை நோக்கி விரைந்தது.

கொஸ் ஆழ்ந்த சமயப்பற்றுடையவர். ஒவ்வோர் உயிரிலும் படைத்தவனின் கைவண்ணத்தைக் கண்டவர். பிறரும் அதைக் காணவேண்டும் என விரும்பியே எழுதியவர். அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் நூலில், தாம் சிறுவயதிற் கண்ட குட்டைகளின் எழில் சேகரிப்போரின் படையெடுப்பால் அழிந்ததையும், தம் நூல்களே அதற்கு வழிகோலின என உணர்ந்து தந்தையார் வருந்தியதையும் பதிவுசெய்துள்ளார்.

இங்குக் குற்றவாளி யார்? கொஸ் அழிக்க எண்ணியவர் அல்லர். வந்தவர்களுள் எவரும் குட்டையை வெறுமையாக்கவில்லை. ஒவ்வொருவரும் எடுத்தவை சிலவே. எவரும் செய்யாத அழிவு எல்லாராலும் நிகழ்ந்துவிட்டது. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் தராசில் இக்குற்றத்தின் பாரம் தெரியாது.

ஒருவன் தன் செயலுக்கு அடிப்படையான விதி யாவர்க்கும் பொதுவிதியாவதை விரும்ப முடியுமா என்பதே காண்ட் 1785இல் முன்வைத்த அளவுகோலாகும். 'விரும்பியதை எடுத்துச் செல்லலாம்' என்பது பொதுவிதியாயின் எடுத்துச் செல்வதற்கு எதுவுமே எஞ்சாது. அவ்விதி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். டெரெக் பார்ஃபிற் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி 1984இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை மேலும் கூர்மைப்படுத்தினார். ஒரு செயலின் விளைவு புலனுக்கு எட்டாத அளவு சிறிதாயின் அது தவறாக முடியாது எனக் கருதுவதே தவறு என்பது அவரது வாதம். 'ஒன்றுதானே' என்னும் சொல் மறைப்பது இதனையே. அது ஒன்றன்று, ஒரு பெருந்தொகையின் ஓர் உறுப்பு.

அவ்வாறாயின், மனிதர் குட்டைகளை அணுகாதிருப்பதே அறம் என்று முடிவுகட்டலாமா? அதுவும் பொருந்தாது. இதே கரைகளில் வாழும் டொக் வெல்க் என்னும் சிறு சங்கினம் கொட்டலசுகளையும் மட்டிகளையும் துளைத்துண்பது. 1970களிலும் 1980களிலும் அவற்றின் பெண்ணினங்களில் ஆணுறுப்பு வளர்வதும், கடுமையாகத் தாக்கப்பட்டவை முட்டையிட இயலாது போவதும் அவதானிக்கப்பட்டன. படகுகளின் அடியில் உயிரினங்கள் ஒட்டாதிருக்கப் பூசப்படும் பூச்சிலிருந்த வெள்ளீயச் சேர்வையே காரணம் எனப் பிளிமத் நகரின் கடலுயிரியல் ஆய்வுகூடத்தினர் நிறுவினர். 'என் படகு ஒன்றுதானே' எனப் படகுக்காரரும் எண்ணியிருக்கக் கூடும். 1987இல் பிரித்தானியா 25 மீற்றருக்குக் குறைந்த கலங்களில் அப்பூச்சைத் தடைசெய்தது. 2008இல் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்தது. சங்குகள் பல கரைகளில் மீளப் பெருகின.

இதனை அறிவதற்கும் சங்குகள் பாறையிலிருந்து எடுக்கப்பட்டன, ஓடுடைத்துச் சோதிக்கப்பட்டன. எவரும் கரையைத் தீண்டாதிருந்தால் அவ்வினம் பல இடங்களிற் காரணம் அறியப்படாமலே மறைந்திருக்கும். ஆகவே, எடுத்த கை அழித்ததும் உண்டு, காத்ததும் உண்டு.

இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு எங்கே உள்ளது? விஞ்ஞானி எடுத்தால் அறம், விடுமுறையாளர் எடுத்தால் மறம் என வகுத்தல் போதாது, கொஸும் விஞ்ஞானியே. வேறுபாடு கணக்கில் உள்ளது எனலாம். எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை எஞ்சியது, அதனால் அறியப்பட்டது என்ன, அவ்வறிவு மீண்டும் அக்கரைக்கு என்ன செய்தது ஆகிய வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்ட செயல் ஒன்று. எடுத்த கணத்தோடு முடிந்துவிட்டதாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் செயல் மற்றொன்று. முன்னையது பிறரையும் பின்விளைவையும் உடன்கொண்டு நடக்கின்றது. பின்னையது உலகில் தான் மட்டுமே உள்ளதாக நடக்கின்றது. அன்பு இவ்வேறுபாட்டை அழித்துவிடுவதில்லை. அன்பினால் எடுக்கப்பட்ட கடற்சாமந்தியும் போத்தலில் மடியவே செய்யும்.

இக்கணக்கு வாழ்வின் மகிழ்ச்சியைக் குறைப்பதாகச் சிலர் முறையிடலாம். ஒரு சிறு மகிழ்ச்சியை அது குறைக்கவே செய்கின்றது. உடைமையாக்கும் மகிழ்ச்சி அது. காணும் மகிழ்ச்சியோ குறைவதில்லை. தன்னுடையதாக்காமல் ஒன்றை விரும்பக் கற்பது கடினமான பயிற்சி. ஆயினும் பாறைக்கரை அதற்கு நல்லதொரு பள்ளியாகும்.

கல்லைப் புரட்டியவர் மீண்டும் அதனருகே வருவதாகக் கொள்ளலாம். அடிப்பக்கம் வானத்தை நோக்கிக் கிடக்கின்றது. அவ்வாறே விட்டால் நிழலில் வாழ்ந்த உயிர்கள் வெயிலில் உலரும். ஒளியில் வாழ்ந்த பாசி இருளில் அழுகும். ஒரு கல்லில் இரண்டு உலகங்கள் ஒருங்கே இறக்கும். அவர் குனிந்து, நண்டு விலகும்வரை காத்திருந்து, கல்லை முன்பு கிடந்தவாறே மெல்ல வைக்கின்றார். போத்தலை வைத்திருந்தவரும் அதைக் குட்டையிற் சரிக்கின்றார். அச்செயலைப் பாராட்டுவோர் எவருமிலர். சிறிது நேரத்திற் பெருக்கு வந்து கல்லையும் குட்டையையும் மூடிவிடும். மறுநாள் வற்றின்போது வருபவர், தமக்கு முன் ஒருவர் அங்கு வந்துபோனதை அறியவே மாட்டார்.