காத்திருக்கிறவனைப் பிடித்து வைக்கலாமா?



"ஒருவேளை தேவைப்படுவான்" என்று ஒரு மனுஷனை வருஷக்கணக்காய் நம் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். இது அவனுக்கு நன்மையா, தீங்கா? நம் ஜவ்வாது மலை வாலிபன் ஒருவன் இதைக் கிரிக்கெட்டை வைத்துக் கேட்டான்: "ஐயா, ஜெகதீசனை சென்னை டீம் விட்டுட்டாங்களே, அது நியாயமா?"

கோயம்புத்தூர்க்காரரான விக்கெட் கீப்பர் ஜெகதீசனை 2018-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் அங்கே விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் தோனி! முதல் இரண்டு வருஷம் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2022 வரைக்கும் ஆடியது ஏழே ஆட்டம். அந்த நவம்பரில் விடுவித்துவிட்டார்கள். அதே மாதம் 21-ம் தேதி, விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக 141 பந்தில் 277 ரன் எடுத்தார். தொடர்ந்து ஐந்தாவது சதம் அது. உட்கார்ந்திருந்தவருக்குள் எவ்வளவு இருந்தது பாருங்கள்! டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணி 90 லட்சத்துக்கு எடுத்தது. அங்கே சந்திரகாந்த் பண்டிட் அப்போதுதான் புதிய பயிற்சியாளராய் வந்திருந்தார்.

"அப்போ விட்டதுதான் சரி" என்று அவசரப்படாதிருங்கள். 2023-ல் கொல்கத்தாவுக்கு அவர் ஆடியது ஆறு ஆட்டம், எடுத்தது 89 ரன். அவர்களும் விட்டுவிட்டார்கள். 2025 ஜூலையில் ரிஷப் பண்ட் காயப்பட்டபோது இந்திய டெஸ்ட் அணிக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் மாற்று ஆளாகத்தான் இருந்தார். அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை.

ஆகவே புதிய இடமும் புதிய பயிற்சியாளரும் கிடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. விட்டது நியாயமா என்பதைப் பின்னால் எடுத்த ரன்னை வைத்து அளக்கவும் கூடாது. பின்னே எதை வைத்து அளப்பது?

மாற்று ஆள் வைத்துக்கொள்வது தப்பில்லை. கீப்பரின் விரல் உடைந்தால் இன்னொருவர் வேண்டுமே! வராமலே போகக்கூடிய ஒரு நாளுக்காகத் தினமும் பயிற்சி எடுக்கிறாரே, அதுவும் உழைப்புதான். ஆனால் "உனக்கு இங்கே இவ்வளவுதான் இடம்" என்ற உண்மையை மறைத்து, நாளைக்கு நாளைக்கு என்று ஆசை காட்டுவது தப்பு. "வேற இடத்துல போய் நல்லா வந்துட்டா நமக்கு அவமானம்" என்று பயந்து பிடித்து வைப்பது அதைவிடத் தப்பு.

யோசேப்பை விற்றவர்கள் அவனைக் கேட்கவில்லை. ஏலத்துக்கு ஆட்டக்காரர் தாமே பெயர் கொடுக்கிறார். ஆனாலும் எந்த அணிக்குப் போவார் என்பது அவர் கையில் இல்லை. அதிகாரம் யார் கையில் அதிகமோ, அவர்மேல்தான் உண்மை பேசும் கடமையும் அதிகம்.

பிரியமானவர்களே, நம் வீட்டில், கடையில், சபையில் இப்படிக் காத்திருக்கிறவர் யாராவது உண்டா? அவருக்கு வேலை கொடுக்கப்போகிறீர்களா? எப்போது என்று சொல்லுங்கள். கொடுக்கப்போவதில்லையா? அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லி, நல்ல மனசோடு அனுப்புங்கள். அவர் போய் ஜெயித்தாலும் தோற்றாலும், அவருடைய வருஷங்களை நாம் திருடவில்லை என்றாகும்.