கணக்குப் படிப்பும் கையெழுத்தும்

கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையிலுள்ள நம் ஜெஞ்சாரோமில், தேர்வு முடிவு வெளியானதும் பல வீடுகளில் ஒரே பேச்சு: "பிள்ளையைக் கணக்காளராக்கி விடுவோம், சம்பளத்துக்குக் குறைவிராது." ஆசை நியாயமானதே. ஆயினும் எந்தப் பட்டம், எதற்காக என்று நாம் கேட்டுப் பார்க்கிறோமா?

வணிகப் பட்டமெல்லாம் கணக்காளர் பட்டமாகி விடாது. 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்ட அட்டவணையில் இடம்பெற்ற பட்டமா என்று முதலில் விசாரித்தறிய வேண்டும். அப்பட்டம் பெற்றவரும் மூன்றாண்டு அனுபவத்துக்குப் பின்னரே பட்டயக் கணக்காளராக முடியும். மற்றவர்கள் தொழில்முறைத் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். இத்தனை நீண்ட பாதையில் மனமில்லாப் பிள்ளையைத் தள்ளுவது தகுமா?

இதைவிடப் பெரிய கேள்வியும் உண்டு. கணக்காளரின் சொத்து அவரது கையெழுத்து. பொய்க் கணக்கில் அதை இட மறுப்பவரிடமே அதற்கு மதிப்பு. 1913இல் தோன்றி உலகப் புகழ் பெற்ற ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனம், என்ரான் விவகாரத்தால் 2002இல் குலைந்தது. அங்கிருந்தோர் படிப்பில் குறைந்தவர்களல்லர். கடனை எழுதி வைக்கப் பணிக்கும் திருமறை வசனம் (2:282), எழுதுவோர் நீதியுடன் எழுத வேண்டுமென்றும் பணிக்கிறதன்றோ?

சம்பளத்துக்காகவே அனுப்பப்பட்ட பிள்ளை, அது போய்விடுமென்றஞ்சிக் கையெழுத்திட்டு விடக்கூடும். ஆகவே, பெற்றோராகிய நாம் வழிகாட்டுவோம். முடிவைப் பிள்ளையிடம் விடுவோம். "மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்து விடு, வேலை போனாலும் வீட்டில் சோறு உண்டு" என்று சொல்லியனுப்புவோம். அந்தத் துணிவைப் பல்கலைக் கழகம் தராது. நாம்தான் தர வேண்டும்.