சோணரின் செருப்பும் கேமரா வாரும்

புதிய கேமராவின் பெட்டிக்குள்ளேயே ஒரு வார் வந்துவிடுகிறது. நிறுவனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் நெய்த, அதிகம் அகலமில்லாத பட்டை. பலர் கேமரா பழசாகும்வரை அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். தோளுக்கு இதமான வேறொரு வாரைத் தேடி வாங்குவது சொகுசு என்ற எண்ணம் படமெடுப்பவர்களிடையே உண்டு. லென்ஸுக்கு லட்சம் கொடுத்தால் அது கலைக்கு. வாருக்கு இரண்டாயிரம் கொடுத்தால் அது உடம்புக்கு என்று கணக்கைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவினைக்கு அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒரு காரியத்தில் முழுமனதோடு இறங்கியவர் தன் உடம்பின் நோவைப் பொருட்படுத்தலாமா? பொருட்படுத்தியே ஆகவேண்டும் என்பது என் கட்சி. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது கடமையும்கூட.

எடையிலிருந்து தொடங்கலாம். நிக்கான் டி850 கேமரா, பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்குப் பொருத்தமான 24-70 லென்ஸ் இன்னொரு கிலோவுக்குச் சற்று அதிகம். இரண்டு கிலோவைக் கடையிலிருந்து வீடுவரை தூக்கிவருவது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் விடிகாலையில் மண்டபத்துக்குள் நுழைந்து பந்தி முடியும்வரை நிற்கிற கல்யாணப் புகைப்படக்காரருக்கு அதே இரண்டு கிலோ நாள் பாதியும் பிடரியில் தொங்குகிறது. கழுத்தில் மாட்டிய வார் தலையை முன்னால் இழுக்கும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையை நிமிர்த்திப் பிடித்திருக்கும் தசைகள் இந்தப் புதுச் சுமையோடும் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும். பட்டை குறுகலாக இருந்தால் எடை முழுவதும் ஒரே கோட்டில் இறங்கித் தோலை அறுக்கும். அகலம் இரட்டித்தால் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகும். வாரை ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போட்டால் சுமை பிடரியை விட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் இறங்கும். இதுவரை வெறும் உடற்கூறுதான். வலி வந்தபிறகு நடப்பதே என் கவலை. வலி மனத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். தாலி கட்டும் நொடியில் பெண்ணின் தகப்பனார் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கவேண்டிய கண், காலி நாற்காலியைத் தேடும். அந்த முகம் யாருக்கும் கிடைக்காமலே போய்விடும்.

இந்தக் கேள்வியை ஒரு துறவிக் கூட்டம் ஆற அமர யோசித்திருக்கிறது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் சோணர் என்பவரின் கதை வருகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை, மென்மையான பாதங்கள். துறவு பூண்டபின் விடாப்பிடியாக நடைத் தியானம் செய்து பாதம் வெடித்து, நடந்த தடமெல்லாம் ரத்தமாகிறது. அவ்வளவு பாடுபட்டும் மனம் விடுதலை பெறவில்லை. வீடு திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எழுகிறது. புத்தர் அவரிடம் வீணையின் நரம்பைப் பற்றிக் கேட்டது பலரும் அறிந்த பகுதி: அதிகம் முறுக்கினாலும் இசை வராது, தளர விட்டாலும் வராது. அதிகம் பேசப்படாத பகுதி அதன் பிறகு வருகிறது. ஒற்றை அடுக்குச் செருப்பு அணிந்துகொள்ளும்படி புத்தர் சோணரிடம் சொல்கிறார். அத்தனை பொன்னையும் யானைகளையும் விட்டு வந்தவன் இப்போது ஒரு செருப்பில் பற்று வைத்துவிட்டான் என்று ஊர் பேசும், சங்கத்தார் எல்லோருக்கும் அனுமதி உண்டென்றால் நானும் அணிகிறேன் என்கிறார் சோணர். எல்லோருக்கும் அனுமதி கிடைக்கிறது. இன்னொரு பகுதியான சுல்லவக்கம் சுமப்பதைப் பற்றியே விதி வகுக்கிறது. பிட்சைப் பாத்திரத்தைப் பைக்குள் இட்டுத் தோள்வாரில் மாட்டிக்கொள்ளலாம். இருபுறமும் பாரம் தொங்கும் காவடித்தண்டு கூடாது. தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமக்கலாம், தொங்கவிட்டும் கொண்டுபோகலாம். உடைமையைச் சில பொருள்களாகச் சுருக்கிக்கொண்ட மனிதர்கள் தோள்வாருக்கு விதி செய்திருக்கிறார்கள்! பாத்திரம் கையை அடைத்துக்கொண்டு மனத்தையும் அடைத்துவிடக்கூடாது என்ற கவலையையே நான் அதில் பார்க்கிறேன்.

கவனத்தைப் பிரார்த்தனைக்கு நிகராக வைத்துப் பேசிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், 1934 கடைசியில் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலைக்குப் போனார். துன்பத்துக்கு அஞ்சியவர் அல்ல, தேடிப் போனவர். உடல் களைப்பு முற்றும்போது சிந்திப்பதையே நிறுத்திவிடத் தோன்றுகிறது என்று அவர் தன் குறிப்பேட்டில் பதிந்தார். ஓய்ந்த உடம்பு மனத்தைக் கூர்மையாக்கும் என்று நம்புகிறவர்கள் அந்தக் குறிப்புகளைத் தாண்டிச் செல்ல முடியாது. கேமராவின் வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. கனத்த கண்ணாடித் தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற ஆஸ்துமாக்காரரான ஆஸ்கர் பார்னாக்கால் முடியவில்லை. அந்த இயலாமை, சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் சிறு கேமராவை அவர் உருவாக்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். லைக்கா என்ற பெயரில் அது 1925இல் லைப்சிக் சந்தைக்கு வந்தது. தெருவில் நடந்தபடி உலகைப் பார்க்கும் புகைப்படக் கலை அந்த எடைக்குறைவினால் தழைத்தது. மூச்சிரைத்த ஒரு நெஞ்சுக்கு அந்தக் கலை கடன்பட்டிருக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது வழிபாட்டிலிருந்து வருகிறது. இடும்பன் இரண்டு மலைகளைத் தண்டில் கட்டிச் சுமந்தான் என்பது பழனியின் தலபுராணம். இன்றும் அலகு குத்தி, வெறுங்காலோடு காவடி எடுப்பவர் பஞ்சு வைத்துத் தைத்த தோளணையைக் கேட்பதில்லை. அந்த நோவை எளிதாக ஒதுக்குவது அறியாமை. ஆனால் நேர்த்திக்கடனில் சுமையே காணிக்கை. சுமக்கிறவர் தன் உடம்பையே சந்நிதியில் வைக்கிறார். படமெடுப்பவர் வைப்பது பார்வையை. அவர் தோள் வலித்ததனால் யாருக்கும் எதுவும் சேர்வதில்லை, பார்வை மட்டும் குறைகிறது. இது வசதி படைத்தவர் பேச்சு, மூட்டை தூக்குகிறவருக்கு ஏது வாரும் வகையும் என்றும் கேட்கலாம். மூட்டை தூக்குகிறவரின் சும்மாட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். தலைத்துண்டைச் சுருட்டி வளையமாக்கி உச்சியில் வைத்த பிறகுதான் அவர் பாரத்தைத் தொடுவார். பழைய சாலையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கல்லை நட்டவர்களும் அதைத் தருமம் என்றே நினைத்து நட்டார்கள்.

என்னைச் சங்கடப்படுத்துகிற மறுப்பு வேறு. இதமான வார் சுமையைக் குறைப்பதில்லை, மறைக்கிறது. தோள் முனகாதபோது இன்னொரு லென்ஸையும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை நீளும். மாலையில் முதுகு மொத்தமாகக் கணக்குக் கேட்கும். நியோப்ரீன் வார்களில் இது நன்றாகத் தெரியும். ரப்பர்போல் இழுபட்டு அதிர்வை வாங்கிக்கொள்வதால் கடையில் மாட்டிப் பார்க்கும்போது கேமரா எடை குறைந்ததுபோல் இருக்கும். நடக்கத் தொடங்கினால் ஒவ்வோர் அடிக்கும் அது மேலும் கீழும் குதித்து உடம்பைத் தட்டிக்கொண்டே வரும். இங்கேயும் விநயத்தின் அளவு எனக்குச் சரியாகப் படுகிறது. செருப்புக்கு அனுமதி கிடைத்தது ஒற்றை அடுக்குக்குத்தான். புதிதாக இரண்டு, மூன்று அடுக்குச் செருப்பு வேண்டாம் என்று அதே இடத்தில் தடையும் வந்தது. அகலமான, அதிகம் இழுபடாத பருத்தி நெசவு வாரோ பதமான தோல்வாரோ அந்த ஒற்றை அடுக்குக்குச் சமம். எடை இருப்பது தெரியும், அறுக்காது.

வாரின் நீளத்தையும் சொல்லவேண்டும். குறுக்காகப் போடும் வார்கள் பலவற்றில் கேமரா இடுப்புக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும்; ஒரே வீச்சில் கண்ணுக்கு வந்துவிடும். தோளுக்கு அதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் எதிரே நிற்பவருக்கு அந்த வீச்சு எப்படியிருக்கும்? அவர் பார்க்காத இடத்திலிருந்து ஒரு கருவி சட்டென்று அவர் முகத்துக்கு நேரே எழுகிறது. கவனத்துக்காகத்தான் இதம் வேண்டும் என்றால், அந்தக் கவனம் அவரையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆகவே வாரைச் சற்றுக் குறுக்கி, கேமரா விலாவை ஒட்டி முன்பக்கம் தெரியும்படி மாட்டிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். எடுக்க ஒரு நொடி கூடுதலாகும். அந்த நொடிக்குள் எதிரே இருப்பவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளலாம், வேண்டாம் என்று கையையும் அசைக்கலாம்.